பொம்மைச் சபை முன்னால் ஏன் வியர்க்கிறது?

சபைக்கூச்சத்துக்கு விஆர் ஹெட்செட் (கணினி வரைந்த உலகத்தைக் கண்முன் காட்டும் தலைக்கருவி) மாட்டிச் சிகிச்சை தருகிறார்கள் என்று முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் மடக்கிக் கேட்டிருக்கிறார்: “எதிரே உட்கார்ந்திருப்பவை கணினி வரைந்த பொம்மைகள் என்று பேசுகிறவருக்குத் தெரியும். தெரிந்த பிறகு பயம் எப்படி வரும்? பயமே வராவிட்டால் எதைக் குணப்படுத்துவார்கள்?”

பயம் வருமா வராதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் மெல் ஸ்லேட்டரும் அவருடைய சகாக்களும் 40 பேரை ஆளுக்கு 5 நிமிடம் பேச வைத்தார்கள். முடிவுகள் 2002இல் வெளியாயின. எதிரே எட்டு ஆண் உருவங்கள். சிலருக்கு அந்த எட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. சிலருக்கு ஆர்வத்தோடு கேட்டன, தலையாட்டின. மற்றவர்களுக்கு வாய்த்தது அலுப்பும் வெறுப்பும் காட்டுகிற சபை. அன்றைய கணினிகளின் திறனுக்கு அந்த முகங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அசல் மனிதர் என்று யாரும் ஏமாற வழியே இல்லை. இருந்தும் முகம் சுளிக்கும் சபை எதிரே நின்றவர்களுக்குப் பதற்றம் வந்தது. வழக்கமாக மேடையில் வெளுத்து வாங்குகிறவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. பிறகு 2006இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், மேடை பயம் உள்ளவர்களில் பாதிப் பேரைக் காலியான விஆர் அறையிலும், மீதிப் பேரைச் சும்மா உட்கார்ந்திருக்கும் பொம்மைகள் முன்னும் பேச வைத்து ஒப்பிட்டார்கள். பொம்மைகள் இருந்தபோது பதற்றம் ஏறியது. பயமில்லாதவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக, கருவி தூண்டுவது அந்தக் குறிப்பிட்ட பயத்தைத்தான்.

இதில் ஹெட்செட்டின் பங்கு சின்னது, ஆனால் கறாரானது. நீங்கள் தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்பத் திரும்ப வேண்டும், அதுவும் ஏறக்குறைய 20 மில்லிநொடிக்குள். தாமதமானால் கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும், தலை சுற்றும். சரியாகப் பொருந்திவிட்டால், ‘நான் இந்த அறையில்தான் இருக்கிறேன்’ என்ற உணர்வு கேட்காமலேயே வந்துவிடும். ஸ்லேட்டர் இதை இட மாயை என்கிறார். இதோடு, எதிரே நடப்பது உங்களைக் குறித்து நடப்பதுபோல் இருந்தால், அதாவது நீங்கள் பார்க்கும்போது பொம்மையும் உங்களைத் திரும்பிப் பார்த்தால், அது நிஜமாகவே நடக்கிறது என்ற இன்னொரு மாயையும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் கூடிவிட்டால் உடம்பு முந்திக்கொள்கிறது. ‘இது பொம்மை’ என்ற அறிவு கூடவே இருக்கும், ஆனால் உள்ளங்கை வியர்ப்பதை அதனால் தடுக்க முடியாது. முறைக்கிற ஒரு ஜோடிக் கண்ணுக்கு, மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதியான அமிக்டலா பதில் சொல்ல, கண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்ற விசாரணை முடியும்வரை காத்திருப்பதில்லை.

சரி, பயம் வந்துவிட்டது. குணம் எங்கிருந்து வருகிறது?

பழைய கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். மணியோசைக்கு எச்சில் ஊறக் கற்ற பாவ்லோவின் நாய், உணவில்லாமல் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவதை நிறுத்தும். முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்து பயம் தெளிய வைத்தார் மேரி கவர் ஜோன்ஸ். அது 1924. ஜோசப் வோல்ப்பி 1958இல் இந்த வழியை ஒரு முறையான சிகிச்சையாக எழுதி வைத்தார். பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் போடும் பழக்கமும் அவரிடமிருந்து வந்ததே. 1995இல் பார்பரா ராத்பாம் குழு உயரத்தைக் கண்டு அஞ்சுவோருக்கு இதையே விஆர் மூலம் செய்து காட்டியது. சில ஆண்டுகளில் மேடைப் பேச்சும் ஹெட்செட்டுக்குள் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நெடுநாள் இருந்த விளக்கம், பயம் களைத்துப் போகும் என்பது. பயப்படும் சூழலிலேயே நின்றுகொண்டிருந்தால் இதயத் துடிப்பு ஏறி, உச்சம் தொட்டு, தானே இறங்கும். பல முறை இறங்கினால் பயம் போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் இது இடிக்கிறது. ஒன்று, சிகிச்சை நேரத்துக்குள் யாருக்குப் பயம் நன்றாக இறங்கியதோ அவர்களே பின்னால் நன்றாகத் தேறுகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. மிஷெல் கிராஸ்கேயும் சகாக்களும் 2008இல் இதை எடுத்துக் காட்டினார்கள். இன்னொன்று, ‘போன’ பயம் திரும்பி வருகிறது. பாவ்லோவின் நாய்க்கே கொஞ்ச நேரம் இடைவெளி விட்டு மணி அடித்தால் மறுபடி எச்சில் ஊறியது. அழிந்துபோன பாடம் எப்படித் திரும்பி வரும்? அழியவில்லை என்பதுதான் விடை. பழைய பாடம் மூளையில் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது. அடுத்த முறை மேடை ஏறும்போது இரண்டும் போட்டி போடும். சிகிச்சையின் வேலை புதுப் பாடத்தை அழுத்தமாக எழுதுவது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்து சேர்கிறோம். ஆய்வகத்தில் ஒரு எலிக்கு ஒலி கேட்கும், உடனே லேசான மின்னதிர்ச்சி. சில முறைக்குப் பிறகு ஒலி கேட்டாலே எலி உறைந்து நிற்கும். இனி ஒலி மட்டும் வருகிறது, அதிர்ச்சி வருவதில்லை. அதிர்ச்சி வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் வெளியே எதுவுமே நடக்கவில்லை. ஒரு கருவியை வைத்து அளந்தால் பூஜ்யம்தான் வரும். ஆனால் நடுமூளையிலுள்ள சில டோபமின் நரம்பணுக்கள் சரியாக அந்த நேரத்தில் துடிக்கின்றன. சுவையான தீனி கிடைத்தால் துடிக்கும் அதே வகை அணுக்கள்! வர வேண்டிய கெடுதல் வராமல் போனதை மூளை ஒரு பரிசாகக் கணக்கில் வைக்கிறது. 2018இல் வெளியான ஆய்வில் இன்னும் ஒரு படி போனார்கள். அதிர்ச்சி வராமல் போகும் அந்தக் கணத்தில் மட்டும் ஒளியைக் கொண்டு அந்த அணுக்களை வாயடைக்கச் செய்தார்கள். ஒலி கேட்டது, அதிர்ச்சி வரவில்லை, எல்லாம் வழக்கம்போலவே. ஆனாலும் எலியின் பயம் தணிவது தடைபட்டது.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் ஏமாற்றமும் இல்லை, ஏமாற்றம் இல்லாவிட்டால் பாடமும் இல்லை. எதுவும் ஆகாது என்று நம்பிக்கொண்டு நிற்கும் எலிக்கு, எதுவும் ஆகாமல் போவதில் செய்தி ஏதுமில்லை. பயந்து நிற்கும் எலிக்குத்தான் அது செய்தி. பயம் சிகிச்சைக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூலப்பொருள்.

மனிதருக்கு வருவோம். ஹெட்செட் மாட்டுவதற்கு முன் சிகிச்சையாளர் ஒரு தாளை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? எழுதுங்கள். “முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவார். அதைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை மறந்துவிடும். பாதியில் நிறுத்திவிடுவேன்.” நடக்க எவ்வளவு வாய்ப்பு? 90 என்று எழுதுகிறார். பேச்சு தொடங்குகிறது. முதல் நிமிடம் தட்டுத் தடுமாறிப் போகிறது. சிகிச்சையாளர் தன் திரையில் ஒரு பொத்தானைத் தட்டுகிறார். இடப்பக்கம் மூன்றாவது நாற்காலி சாவகாசமாக ஒரு கொட்டாவி விடுகிறது. பக்கத்து நாற்காலி போனை எடுத்துப் பார்க்கிறது. பேசுகிறவர் நிற்கிறார், எச்சில் விழுங்குகிறார், விட்ட வாக்கியத்தைத் தேடுகிறார். கிடைக்கிறது. தொடர்கிறார். முடிந்ததும் அதே தாள். கொட்டாவி வந்ததா? வந்தது. வார்த்தை மறந்ததா? ஒரு கணம் மறந்தது. பாதியில் நிறுத்தினீர்களா? இல்லை. 90 போட்ட இடத்தில் பேனா தயங்குகிறது. நடுமூளையில் அந்த எலிக்கு நடந்தது இங்கேயும் நடக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கை நடுக்கம் நின்றதா என்று யாரும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? நடுங்கிக்கொண்டே பேசி முடித்தாலும் கணிப்பு பொய்த்தது பொய்த்ததுதான்.

விஆர் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கும் இடமும் இந்தக் கொட்டாவிதான். நிஜச் சபை நாகரிகமானது. நண்பர்களைக் கூட்டி வைத்து ஒத்திகை பார்த்தால் கைதட்டிவிட்டுப் போவார்கள். வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு அலட்சியமாக உட்கார இருபது பேரை எங்கே பிடிப்பது? அதுவும் வாரா வாரம்?

இந்த இயக்கம் புரிந்துவிட்டால் ராசியான பேனா ஏன் ஆபத்தானது என்பதும் புரிந்துவிடும். ராசியான சட்டை, சட்டைப் பைக்குள் ஒரு மந்திரித்த பொருள், கையில் கட்டிய கயிறு என்று எதுவாகவும் இருக்கலாம். மூடநம்பிக்கையைப் பற்றி எனக்கு இருக்கும் பொதுவான எரிச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டே சொல்கிறேன். பேச்சு நன்றாக முடிந்தால் வரவு பேனாவின் கணக்கில் விழுகிறது. ‘பேனா இருந்ததால் தப்பித்தேன்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது, கணிப்பு பொய்க்கவேயில்லை. பேனா தொலைந்த அன்று என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. படித்தவர்கள் சிரிப்பதற்கு முன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசிப்பதும், யார் முகத்தையும் பார்க்காமல் பின்சுவரைப் பார்த்துப் பேசுவதும், ஒரே மூச்சில் கடகடவென முடிப்பதும் அதே ஜாதிதான் என்பதை நினைவில் கொள்ளட்டும். உளவியலில் இவற்றுக்குப் பாதுகாப்பு நடத்தைகள் என்று பெயர். சில ஹெட்செட்டுகள் கண் எங்கே பார்க்கிறது என்பதையே கண்காணிப்பதால், பின்சுவர்க் கள்ளத்தனம் அங்கே பலிக்காது.

பலன் எப்படி? 2013இல் பேஜ் ஆண்டர்சன் குழு வெளியிட்ட ஆய்வில் 97 பேர் கலந்துகொண்டார்கள். எட்டு அமர்வு விஆர் சிகிச்சை பெற்றவர்களும், நிஜ மனிதர்கள் முன் பேசிப் பழகும் குழுச் சிகிச்சை பெற்றவர்களும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. இரண்டு சிகிச்சைக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2019இல் ஸ்வீடனில் ஃபிலிப் லிண்ட்னர் குழு கடையில் கிடைக்கும் சாதாரண ஹெட்செட்டை வைத்து, ஒரே ஒரு நீண்ட அமர்வில் 50 பேரிடம் முயன்றது. அதுவும் பலித்தது.

இங்கே ஆய்வுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தோலின் துளை தெரிகிற அளவுக்குத் தத்ரூபமான உருவங்களைச் செய்யப் பணம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. திரையில் காட்டினால் விருந்தினர்கள் வாய் பிளப்பார்கள். ஆனால் கரடுமுரடான எட்டு பொம்மைகளே போதும் என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த சங்கதி. எந்தக் கணத்தில் கொட்டாவிப் பொத்தானைத் தட்ட வேண்டும், தாளில் எழுதிய கணிப்பை எப்படிக் கூர்மையாக்க வேண்டும் என்று ஆட்களுக்குப் பயிற்சி தருவதற்கு நிதி கேட்டால் கதவு அவ்வளவு சீக்கிரம் திறப்பதில்லை. அதில் படம் பிடித்துக் காட்ட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு சிக்கல். ஒரு கூண்டில் பயத்தைக் கற்ற எலிக்கு வேறொரு கூண்டில் பயம் தெளிய வைத்தால், பழைய கூண்டுக்குத் திரும்பியதும் மறுபடி உறைந்து நிற்கிறது. மார்க் பூட்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம் இது. ‘ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம், கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஹெட்செட்டும் அப்படியொரு வேற்றுக் கூண்டே. அதனால் ஒரே அறையில், ஒரே எட்டு முகங்கள் முன் நூறு தடவை பேசுவதில் லாபம் குறைவு. சிறிய அறை, பெரிய அரங்கு, பெண்கள் நிறைந்த சபை, கேள்வி கேட்டுக் குடையும் சபை என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். முடிந்த கையோடு நிஜ மனிதர்கள் முன்னும் பேசியாக வேண்டும். லிண்ட்னர் குழுவும் அமர்வுக்குப் பின் நிஜ வாழ்க்கையில் பேசிப் பழகுவதற்கான பகுதியைச் சேர்த்தே வைத்திருந்தது.

கடிதத்தின் அடியில் வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: வீட்டிலேயே ஒரு செயலியை வாங்கி முயலலாமா? பயம் வேலையையும் படிப்பையும் தடுக்கிற அளவுக்கு இருந்தால் முதலில் உளவியல் சிகிச்சையாளரைப் பாருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட்டைத் தொட வேண்டாம். சாதாரணக் கூச்சம்தான் என்றால் தாராளமாக முயலலாம். வாங்கும்முன் சபையின் நடத்தையை மாற்ற முடிகிறதா, அறைகளை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். எவ்வளவு சொதப்பினாலும் எழுந்து நின்று கைதட்டுகிற சபை மட்டுமே இருந்தால், அந்தச் செயலிக்குக் காசு கொடுக்காதீர்கள்.