‘எரர் ரெகவரி’: பிழைமீட்பா, பிழைமீட்சியா?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து வண்டன்மேட்டில் மழைக்காலத்தில் வங்கிக்குப் போனவர்களுக்கு இது பழகிய பதில்தான். மலையாளக் கேஷியர் “லிங்க் போயி” என்பார், தமிழ்க் கேஷியர் “லிங்க் இல்லக்கா” என்பார். பாஸ்புக்கோடு வரிசையில் நின்ற என் சித்தி ஒருமுறை அலுத்துக்கொண்டார்: “மழை இங்கதானே பெய்யுது, பணத்துக்கு என்னவாம்?” மாடியில் இருந்த டிஷ்ஷைக் காட்டினேன். அது பேசும் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே ஏறி, தலைமை நிலையத்தில் இறங்கி, பதில் அதே வழியில் திரும்பிவர ஏறக்குறைய அரை நொடி. இந்த அரை நொடிதான் ‘எரர் ரெகவரி’யைப் பெரிய விஷயமாக்குகிறது.

அனுப்பிய தரவு வழியில் கெட்டாலோ தொலைந்தாலோ அதைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடர்வதுதான் எரர் ரெகவரி. ‘எரர்’ லத்தீனில் அலைந்து திரிதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, அதாவது வழிதவறல். நம் ‘பிழை’யில் இருப்பது குறிதவறல். 772ஆம் குறளில் வரும் ‘யானை பிழைத்தவேல்’, யானைமேல் எறிந்து குறி தவறிய வேல். அங்கே பிழைத்தது வேல். இன்றைய பேச்சில் கேட்டால் பிழைத்தது யானை என்போம். தவறியதற்கும் உயிர்தப்பியதற்கும் ஒரே சொல். ‘தப்பு’, ‘தப்பித்தான்’ இரண்டும் இதே கூத்துதான்.

சரி, ரெகவரிக்கு என்ன சொல்வது? பலரும் ‘பிழை மீட்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது இடிக்கிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்கிறோம். நகை மீட்பு, ஆநிரை மீட்பு என்னும்போது முன்னால் நிற்பது காப்பாற்றப்படும் பொருள். அப்படியென்றால் பிழையையா காப்பாற்றுகிறோம்? ‘தரவு மீட்பு’ என்றால் பொருந்தும். பிழையிலிருந்து தானே மீண்டு வருவதற்கு ‘மீட்சி’தான் சரி. ஆகவே ‘பிழைமீட்சி’ என்பதே என் கட்சி. ‘பிழைதிருத்தம்’, அதாவது கெட்டதைப் பெறுபவரே சரிசெய்துகொள்வது, இதில் ஒரு வழி மட்டும்.

இன்னொரு வழி, திரும்ப அனுப்பச் சொல்வது. போடிக்கு ஜீப்பில் இருபது மூட்டை ஏலக்காய் போகிறது, ஏழாவது மூட்டை கிழிந்துவிட்டது என்று வையுங்கள். பழைய முறையில் ஏழிலிருந்து இருபது வரை அத்தனையையும் மறுபடி ஏற்ற வேண்டும். தேர்ந்து கேட்கும் முறையில் ஏழாவது மட்டும் போதும். இணையத்தில் தரவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறைக்கு இந்தத் தேர்ந்து கேட்கும் வசதி 1996இல் வரையறுக்கப்பட்டது. எந்த முறையானாலும் கேட்டு வாங்க இன்னொரு அரை நொடி போகும்.

அதைவிடப் பெரிய தொல்லை டிசிபியின் சந்தேகம். 1980களின் பிற்பகுதியில் இணையம் நெரிசலில் திணறியபோது டிசிபிக்கு ஒரு பாடம் புகட்டினார்கள்: பொட்டலம் (தரவைத் துண்டாக்கி அனுப்பும் ஒரு கட்டு) தொலைந்தால் சாலையில் கூட்டம் என்று எடுத்துக்கொள், வேகத்தைப் பாதியாக்கு, பிறகு போய்வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொட்டலமாகக் கூட்டு. கம்பியில் இது நல்ல பாடம். செயற்கைக்கோளில் பொட்டலத்தைத் தின்றது கூட்டமல்ல, மழை. ஒரே நேரத்தில் வழியில் 80 பொட்டலம் இருந்தது 40 ஆனால், மறுபடி 80ஐத் தொட 40 சுற்று. சுற்றுக்கு 20 மில்லிநொடி ஆகும் கம்பியில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். செயற்கைக்கோளில் ஏறக்குறைய இருபது நொடி. அதற்குள் இன்னொரு பொட்டலம் தொலைந்தால் திரும்பவும் பாதி. வாங்கிய அலைவரிசை சும்மா கிடக்கும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் செயற்கைக்கோள் ஆட்கள் கேட்டு வாங்குவதைவிட முன்கூட்டியே திருத்தத்துக்கு வழி செய்வதை விரும்புகிறார்கள். வீட்டு டிஷ் டிவியைப் பாருங்கள், ‘இந்தக் காட்சி வரவில்லை, திரும்ப அனுப்பு’ என்று கேட்க அதற்கு வழியே கிடையாது. டிவிபி-எஸ் என்ற பழைய செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையில் 188 பைட்டோடு 16 பைட் துணைக்குப் போகும். 204இல் எட்டு பைட் வரை கெட்டாலும் பெறும் பெட்டி தானே கண்டுபிடித்துத் திருத்திவிடும். கணித அறிஞர்கள் ரீடும் சாலமனும் 1960இல் சொன்ன கணக்கு அது. புதிய முறைகளில் மழை வலுத்தால் துணைச் சுமையைக் கூட்டிக்கொள்வார்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் டிசிபிக்குச் சந்தேகம் வராது. அப்புறம், 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள்களில் சுற்று நேரமே சுருங்கிவிடுவதால், திரும்பக் கேட்பதும் அங்கே அவ்வளவு வலிக்காது.

எல்லைக்கு இந்தப் பக்கம் ‘பிழை’க்கு இன்னொரு முகமும் உண்டு. மலையாளத்தில் ‘பிழ’ என்றால் அபராதம். அந்த வங்கியில் ‘பிழப்பலிச’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அபராத வட்டி என்று சித்திக்குப் படித்துச் சொன்னேன். அவருடைய நகைக்கடன் தவணைக்கு அன்றுதான் கடைசி நாள். “லிங்க் போனதுக்கும் நாங்கதான் பிழ கட்டணுமா சாரே?” என்று கேட்டார். கேஷியர் சிரித்துவிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மழை விடவில்லை.