பரிந்துரை: பாட்டுக்காக யார் பரிகிறார்கள்?

'உங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை.' பாட்டுக் கேட்கும் செயலியைத் தமிழுக்கு மாற்றி வைத்தால் கண்ணில் படுகிற வாசகம் இது. அதன் கீழே பாடல்கள் வரிசையாக நிற்கும். தொழில்நுட்பக் கட்டுரைகளில் இதுவே 'இசைப் பரிந்துரை' ஆகிறது. அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் 'பரிந்துரை இயந்திரம்' ஆகிறது. அண்மையில் 'பயனர் சுவை அடிப்படையிலான வகைமை கடந்த பரிந்துரைப்பு' என்றொரு தொடரைப் படித்தேன். ஆறு சொல்லும் தமிழ்தான். படித்து முடித்ததும் அதை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் பொருள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சொல்ல வந்த செய்தி எளியது. ஒருவர் எதையெல்லாம் விரும்பிக் கேட்கிறார் என்று பார்த்து, அவர் இதுவரை எட்டிப் பார்க்காத இசைப் பக்கத்துக்கும் வழி சொல்வது. இந்த வேலைக்குப் பரிந்துரை என்ற சொல் பொருந்தாது என்பது என் கட்சி.

முதலில் பிறப்பை முடித்துவிடுவோம். பரிந்துரை என்று நாம் பெயர்க்கும் ஆங்கில 'ரெகமண்ட்' லத்தீனிலிருந்து வந்தது. அதன் நடுவே இருப்பது 'மண்டாரே'. கையைக் குறிக்கும் 'மானுஸ்', கொடுத்தலைக் குறிக்கும் 'தாரே' இரண்டும் சேர்ந்தது. கையில் கொடுத்தல், ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தல். நாம் நெடுங்காலம் புழங்கிய சிபாரிசு, பாரசீகச் 'சிஃபாரிஷ்' இந்துஸ்தானி வழியாக இங்கே வந்தது. அதற்கும் அடியில் ஒப்படைத்தல் என்ற பொருளே இருக்கிறது. 'இவனை உங்களிடம் ஒப்படைக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பெரிய மனிதர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவதுதான் இரண்டு சொல்லுக்கும் தாய்வீடு.

சிபாரிசை விலக்க விரும்பியவர்கள் எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொல் பரிந்துரை. பரிந்து உரைத்தல். பரிதல் என்பது வெறும் விருப்பம் இல்லை. 'பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்' என்னும் குறளில் அது வருந்தி முயல்வதைக் குறிக்கிறது. 'பரிந்தவர் நல்கார்' என்று காமத்துப்பாலில் வரும்போது அன்பால் இரங்குவதைக் குறிக்கிறது. பிறர் பொருட்டு நெஞ்சு நோவது என்று இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆகவே ஒருவனுக்காக இன்னொருவரிடம் வாதாடுவதற்கு இது அருமையான சொல். அதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: பரிகிறவர், பரியப்படுகிறவர், கேட்டு முடிவெடுக்கிறவர். வேலைக்கான கடிதத்துக்கு இந்த மூவரும் கச்சிதமாகப் பொருந்துவார்கள். குறை சொல்ல இடமில்லை.

பிறகுதான் சொல்லைப் போட்டு இழுக்கத் தொடங்கினோம். ஆணையங்கள் அரசுக்குப் பரிந்துரைத்தன. மருத்துவர் மாத்திரையைப் பரிந்துரைத்தார். எழுதிக் கொடுத்தார் என்ற நல்ல தமிழ் இருக்க, இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்கர் காலம் வந்தால் நாளிதழ்கள் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். இந்தியாவின் சார்பில் போட்டிக்கு அனுப்பப்படும் படமும் 'பரிந்துரை', பின்னர் இறுதிப் பட்டியலில் இடம்பெறும் படமும் 'பரிந்துரை'. முதலாவது பல நாடுகள் ஆண்டுதோறும் செய்வது. இரண்டாவது ஒரு பிரிவில் ஒரு கைப்பிடிப் படங்களுக்குத்தான் கிடைப்பது. இரண்டுக்கும் ஒரே தலைப்பு போட்டால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? அனுப்பப்பட்டது, தேர்வாகியிருக்கிறது என்று வினையால் சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை.

சொல் தேய்ந்துவிட்டது, இன்று பரிந்துரை என்கிறபோது பரிவை யார் நினைக்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். வேர் செத்துப்போயிருந்தால் நானும் விட்டுவிடுவேன். 'அவனுக்காகப் பரிந்து பேசாதே' என்று இன்றைக்கும் வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். பரிவு, பரிந்து, பரிந்துகொண்டு வருதல் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பக்கத்திலேயே வேர் பச்சையாக நிற்கும்போது அதைக் காணாதது போல் நடிக்க முடியாது.

இனி அந்த மென்பொருள் உண்மையில் என்னதான் செய்கிறது? 1992-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தார் 'டேபஸ்ட்ரி' என்ற அமைப்பைப் பற்றி எழுதினார்கள். வந்து குவியும் மின்னஞ்சல்களில் எவை படிக்கத் தக்கவை என்பதை, ஏற்கெனவே படித்தவர்கள் இட்ட குறிப்புகளைக் கொண்டு பிரிப்பது அதன் நோக்கம். 'கொலாபரேட்டிவ் ஃபில்டரிங்', அதாவது கூட்டாக வடிகட்டுதல், என்ற பெயர் அங்கே பிறந்தது. 1994-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் 'ரிங்கோ' வந்தது. இது முழுக்க இசைக்கானது. பாடகர்களுக்கும் குழுக்களுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இட்டு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். நம்மைப் போலவே மதிப்பெண் இட்டவர்களை அது தேடிப் பிடிக்கும். அவர்கள் விரும்பியதில் நாம் கேட்காதது எதுவோ அதை எடுத்து நீட்டும். இணைய வானொலியான பான்டோரா வேறு வழியில் போனது. 2000-இல் தொடங்கிய அதன் திட்டத்தில் இசை கற்றவர்கள் ஒவ்வொரு பாட்டையும் உட்கார்ந்து கேட்டு, குரல், தாளம், சுருதியமைப்பு என்று 450 வரையிலான கூறுகளைக் குறித்துவைத்தார்கள். பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை 2015 முதல் திங்கட்கிழமைதோறும் 30 பாட்டுகளை அடுக்கித் தருகிறது. அந்த அடுக்குக்கு அவர்கள் வைத்த பெயரிலும் 'ரெகமண்ட்' இல்லை. கண்டறிதலைக் குறிக்கும் 'டிஸ்கவர்'தான் இருக்கிறது. நீ கண்டுபிடி என்று கேட்பவரைப் பார்த்துச் சொல்கிற பெயர் அது.

இவற்றில் எந்த இடத்தில் யார் யாருக்காகப் பரிகிறார்கள்? மதிப்பெண்ணை ஒப்பிட்டதும், பாட்டின் கூறுகளைக் குறித்ததும், ஒன்றாகக் கேட்கப்பட்ட பாட்டுகளை எண்ணியதும்தான் நடந்திருக்கிறது. பரிவும் இல்லை, உரையும் இல்லை. ஒரு பட்டியல் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர்ச் சண்டை நடந்திருக்கிறது என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதில்லை. 1997-இல் பால் ரெஸ்னிக், ஹால் வேரியன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பழைய 'ஃபில்டரிங்' பெயரை விட்டுவிட்டு 'ரெகமண்டர்' என்ற பெயரை முன்வைத்தார்கள். அதற்குக் காரணமும் சொன்னார்கள்: தகவல் தருகிறவரும் பெறுகிறவரும் ஒருவரையொருவர் அறியாமலே இருக்கலாம், ஆகவே அதைக் கூட்டு முயற்சி என்பது சரியில்லை, மேலும் வேண்டாததைக் கழிப்பது மட்டும் வேலையில்லை, நல்லதை எடுத்துக் காட்டுவதும் வேலை. தமிழில் இன்னும் 'கூட்டு வடிகட்டல்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்களே 1997-இல் குறை கண்ட பெயரை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பாடத்தில் வைத்துக்கொள்கிறோம்.

பரிந்துரைக்கு எதிராக நிற்கத் தகுதியுள்ள சொல் இலங்கையில் இருக்கிறது: விதந்துரை. அங்கே ஆணைக்குழு அறிக்கைகளிலும் அரசு ஆவணங்களிலும் விதந்துரை, விதப்புரை என்று காணலாம். விதத்தல் என்றால் ஒன்றைத் தனியே எடுத்துச் சிறப்பாகச் சொல்வது. இலக்கண உரையாசிரியர்கள் 'விதந்து கூறினார்' என்று எழுதுவது இந்தப் பொருளில்தான். ஓர் ஆணைக்குழு பல வழிகளை ஆராய்ந்து ஒன்றைச் சுட்டிச் சொல்கிறபோது விதந்துரை என்பதைவிடத் துல்லியமான சொல் கிடைக்காது. அந்த இடத்தில் பரிந்துரை அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. சென்னையில் இருப்பவர்கள் இதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு விளங்காத மர்மம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் பண்டிதத் தமிழ், டெல்லியிலிருந்து வந்தால் ஆட்சித் தமிழ் என்கிற மனப்பாங்கு நம்மை விட்டுப் போகவில்லை.

ஆனாலும் பாட்டுக்கு விதந்துரையை நான் ஏற்க மாட்டேன். விதப்பு என்பது பலவற்றில் ஒன்றைப் பிரித்து உயர்த்துவது. வாரத்துக்கு 30 பாட்டு, அடுத்த வாரம் வேறு 30 பாட்டு என்று வந்துகொண்டே இருந்தால் அதில் விதப்பு எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டு விமரிசனக் கட்டுரைகளில் 'விதந்தோதுகிறார்கள்' என்றால் அளவுக்கு மீறிப் புகழ்கிறார்கள் என்று வேறு பொருள் ஏறியிருக்கிறது. அதுவும் இங்கே இடறும். முன்மொழிவு என்று சிலர் எழுதுகிறார்கள். அது தீர்மானத்துக்கு உரியது, வழிமொழிய இன்னொருவர் வேண்டும். ஆலோசனையோ நாம் போய்க் கேட்டால் கிடைப்பது.

சிபாரிசைப் பற்றி ஒரு சொல். பிறமொழிச் சொல் என்பதற்காக அதை நான் வெறுக்கவில்லை. அதில் சலுகையின் வாடை அடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாடை பொருந்துகிற இடமும் இந்தத் தொழிலிலேயே இருக்கிறது. 2020-இல் ஸ்பாட்டிஃபை ஓர் ஏற்பாட்டை அறிவித்தது: இசை நிறுவனமோ கலைஞரோ குறைந்த உரிமத்தொகைக்கு ஒப்புக்கொண்டால், அவர்கள் குறிப்பிடும் பாட்டு தானாக ஓடும் பட்டியல்களில் முன்னே வர வாய்ப்பு கூடும். அதைச் சிபாரிசு என்று எழுதுங்கள், நான் கைதட்டுகிறேன். அங்கே பாட்டுக்காகப் பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் கொடுக்கிற விலையும் இருக்கிறது.

என் தேர்வு கைகாட்டுதல். செய்கிற மென்பொருள் கைகாட்டி. அது தருவது கைகாட்டல். நாற்சந்தியில் நிற்கும் கைகாட்டி மரம் எந்த ஊரையும் புகழ்வதில்லை, எந்த ஊருக்காகவும் வாதாடுவதில்லை. இந்தப் பக்கம் போனால் இது வரும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. நடப்பதும் நடக்காததும் நம் பாடு. 'கட்சித் தலைமை கைகாட்டியவர்' என்று அரசியலில் வழங்குவதும், 'போலீசிடம் கைகாட்டிவிட்டான்' என்பதும் எனக்குத் தெரியாதவை இல்லை. எல்லாவற்றிலும் சுட்டுதல் என்பதே அடிப்படை. பரிவு இல்லாத இடத்தில் பரிவைக் கொண்டுவந்து ஏற்றும் பிழை மட்டும் இதில் நேராது.

இசை வகை தாண்டும்போது இந்தச் சொல்லின் பொருத்தம் இன்னும் கூடுகிறது. 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ஒருவருக்குப் பிடிக்கிறது என்று வையுங்கள். 1977-இல் இளையராஜா இசையமைத்தது. உடன் கேட்கப்பட்டவற்றை எண்ணுகிற மென்பொருள் அதே காலத்துத் திரைப்பாடல்களைக் கொண்டுவந்து கொட்டும். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் அடுத்துக் கேட்டிருப்பார்கள். கச்சேரி கேட்கிற ஒருவரிடம் சொன்னால், அது ரீதிகௌளை ராகம், சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா' கேளுங்கள் என்பார். கூடவே, 2008-இல் 'சுப்ரமணியபுரம்' படத்துக்கு ஜேம்ஸ் வசந்தன் அமைத்த 'கண்கள் இரண்டால்' பாட்டிலும் அதே ராகம் இருப்பதைச் சுட்டுவார். திரையிலிருந்து கீர்த்தனைக்கு, கீர்த்தனையிலிருந்து மறுபடி திரைக்கு. அவர் எதற்காகவும் பரியவில்லை. இங்கிருந்து அங்கே பாதை இருக்கிறது என்று கைகாட்டினார்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்கிருக்கும் பெரிய மனத்தாங்கல் சொல் தேர்வைப் பற்றியதுகூட இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல், அங்கே செயப்பாட்டு வினை இருந்தால் இங்கேயும் 'பட்டவை' என்று வரி வரியாக ஒட்டுகிறார்கள். 'உங்கள் சுவைக்கேற்ப' என்று எழுதிவிட்டுத் தமிழ்தானே என்கிறார்கள். சுவைஞர் என்ற சொல் நல்ல சொல்தான், ஆனால் தனியாகச் சுவை என்றால் நாக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும். ரசனை என்ற வடசொல் தமிழில் ஊறிப்போனது, அதைத் தள்ளிவைத்து என்ன ஆதாயம்? வானொலிக்காரர்கள் இந்த வகையில் கெட்டிக்காரர்கள். கேட்கிறவரை நேயர் என்றார்கள், அவர் கேட்ட பாட்டைப் போடுவதற்கு 'நேயர் விருப்பம்' என்று பெயரிட்டார்கள். அந்த நேயரைத்தான் இன்றைய செயலிகள் 'பயனர்' ஆக்கியிருக்கின்றன.

கட்டுரையில், பாடநூலில் கலைச்சொல் தேவைப்பட்டால் இசைக் கைகாட்டி என்று எழுதலாம். திரையில் அதுகூட வேண்டாம். தமிழில் ஒருவர் இன்னொருவருக்குப் பாட்டைச் சொல்கிறபோது பெயர்ச்சொல்லா தேடுகிறார்? 'இதையும் கேட்டுப் பாருங்கள்' என்கிறார். செயலிக்கு அந்த உரிமை எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருந்தால், நடந்ததை நடந்தபடி 'இதைக் கேட்டவர்கள் இவற்றையும் கேட்டார்கள்' என்று போடட்டும்.