ரத்தக்கட்டி வழக்குகள்: கேஸ் ஷீட்டில் எதைத் தேட வேண்டும்?

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். நாலைந்து நாளில் கட்டிலை விட்டு இறங்கியவர் திடீரென்று மூச்சு வாங்கிச் சரிந்துவிடுவார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொண்டது என்று பிறகு தெரியவரும். இழப்பீடு கேட்டு வரும் குடும்பங்கள் 'ஆபரேஷன் சரியில்லை' என்றே பேச்சைத் தொடங்குவார்கள். இந்த வழக்குகளில் பெரும்பாலும் கத்தி வைத்ததில் கோளாறு இருக்காது. அதற்குப் பிந்தைய நாட்களைத்தான் துருவ வேண்டும்.

ரத்தம் உறைந்துவிட்டது என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. எல்லாத் தடுப்பும் செய்த நோயாளிக்கும் கட்டி வரலாம். தடுப்பு தேவை என்று தெரிந்தும் விட்டார்கள், அல்லது அறிகுறி கண்ணில் பட்டும் சோதிக்கவில்லை, பாதிப்பு அதனால்தான் வந்தது என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

இடுப்பு, மூட்டு மாற்று அறுவை, மாவுக்கட்டு போட்ட கால், புற்றுநோய், சிசேரியன், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம், முன்பே ஒருமுறை கட்டி வந்தவர் எல்லாம் ஆபத்து கூடியவர்கள். இடுப்பு, மூட்டு மாற்று போன்ற பெரிய எலும்பு அறுவைக்குப் பிறகு பொதுவாக ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபரின் 40 மில்லிகிராம் ஊசி தினம் ஒன்று தோலுக்கடியில் போடுவார்கள். இடுப்பு மாற்று என்றால் அந்தத் தடுப்பு 35 நாள் வரைகூட நீளும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்து தொடர்ந்ததா, அங்கேயே நின்றுபோனதா என்பது முக்கியம்.

கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதிய பக்கத்தைவிட நர்ஸ் குறிப்புகளை முதலில் படியுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி 'காலு உளையுது' என்று சொன்னது அங்கேதான் பதிவாகியிருக்கும், அல்லது பதிவாகாமல் விடுபட்டிருக்கும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தால் சந்தேகப்பட வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து, வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய அறிகுறி. அப்படி அளந்ததாக ஒரு வரி இருக்கிறதா, டாப்ளர் ஸ்கேன் (கால் நாளங்களில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை) எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது என்று ஒரு தாளில் நேர வரிசையாக எழுதிப் பாருங்கள். வழக்கின் பலமும் பலவீனமும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

மருந்துச் சார்ட்டில் ஊசி போட்டதாக 'டிக்' இருக்கும். பார்மசி பில்லில் வாங்கிய ஊசிகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும். இரண்டையும் ஒப்பிடாமல் விடக்கூடாது. மறுபக்கமும் உண்டு. மூளையில் ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு போன்ற காரணத்தால் ஊசியைத் தவிர்த்திருந்தால், அதை அன்றைக்கே குறித்து வைத்திருந்தால், மருத்துவமனையின் வாதம் நியாயமானது. காரணமே எழுதாத வெற்றிடம்தான் அவர்களுக்குச் சிக்கல்.

ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வாய்வார்த்தையாகக் கேட்டு அலையாமல் ஒப்புகையோடு தபாலில் கேளுங்கள்.

மரணம் என்றால் நம் பக்கத்து ஆட்கள் 'உடம்பைக் கூறு போடணுமா' என்று பிரேதப் பரிசோதனைக்கு மறுத்துவிடுகிறார்கள். இறப்புச் சான்றில் 'இதயமும் சுவாசமும் நின்றதால்' என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. செத்த எவருக்கும் அது நிற்கத்தான் செய்யும். சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுக்காத நிலையில், நுரையீரல் அடைப்பை உறுதிசெய்ய பிரேதப் பரிசோதனையே நம்பகமான வழி.

தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியிருந்தாலும் நோயாளி நுகர்வோர்தான் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. அதற்குச் சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவோதான் வழி. கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, செலுத்திய தொகையை வைத்தே எந்த ஆணையம் என்பது தீர்மானமாகும்: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். செலுத்தியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. மருத்துவமனை திருவனந்தபுரத்தில் இருந்தாலும், திருநெல்வேலியில் குடியிருப்பவர் இங்கேயே தாக்கல் செய்யலாம்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இந்தக் கெடு அங்கேயே ஓடிப்போகிறது. இழப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். தேவையே இல்லை.

வருமானச் சான்றில்தான் தொகை குறைந்துபோகும். பீடி சுற்றிய பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு ஏது என்று விட்டுவிடாதீர்கள். பீடிக் கடைப் பாஸ்புக், பி.எஃப். கணக்கு, தொழிலாளர் அடையாள அட்டை மூன்றையும் மனுவோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.