நிழல் இறங்குவதற்கு முன்

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற பழைய மடாலய நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் சென்றால், கோதுமை வயல்களுக்கு நடுவே பிராட்ஃபீல்டு காடு வரும். மலை, அருவி, பள்ளத்தாக்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. ஏறத்தாழ 80 ஹெக்டேர் பரப்புள்ள சமதளக் காடு அது. நின்று நின்று பார்த்தாலும் ஒரு முற்பகலில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் அதன் சில பகுதிகளுக்குள் நுழைபவர் அடுத்த அடி எடுத்து வைக்கத் தயங்குவார். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கரைத்து மரங்களுக்கு அடியில் தெளித்துவிட்டது போல, தரை நீலமாக இருக்கும். அவை புளூபெல் பூக்கள். மரக்கிளைகளில் இலைகள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருக்கும். ஆறு வாரம் கழித்து வந்தால் அதே இடத்தில் நீலத்தின் சுவடே இராது. இருண்ட பச்சை நிழல் மட்டுமே இருக்கும்.

இந்த ஆறு வாரக் கணக்கில்தான் இத்தகைய காட்டின் இயக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். மழைக்குப் பஞ்சமில்லாத அந்த நாட்டில், காட்டுத் தரையில் வளரும் செடியின் பெரிய கவலை நீரன்று, ஒளிதான். குளிர்காலத்தில் ஓக், ஆஷ், ஹேசல் ஆகிய மரங்கள் இலையின்றி நிற்பதால் ஒளி தரைவரை இறங்குகிறது. ஆனால் குளிரில் செடிகளால் வளர முடிவதில்லை. கோடையில் வெப்பம் கிடைக்கிறது. அதற்குள் மர விதானம் மூடிக்கொள்வதால், வெளியே வயலில் விழும் ஒளியில் மிகச் சிறு பகுதியே தரையை எட்டுகிறது. எட்டுவதும் தரமான ஒளி அன்று. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் சிவப்பையும் நீலத்தையும் மேலே உள்ள இலைகள் உறிஞ்சிக்கொண்டு, பயன் குறைந்த மிச்சத்தையே கீழே விடுகின்றன. ஆகவே குளிர் குறையத் தொடங்கும் மார்ச் மாதத்திற்கும் நிழல் மூடும் மே மாத நடுப்பகுதிக்கும் இடையே ஓர் இடைவெளி மட்டுமே உண்டு. அந்த இடைவெளிக்குள் வளர்ந்து, பூத்து, அடுத்த ஆண்டுக்கும் உணவைச் சேமித்துவிட வேண்டும்.

புளூபெல் இதை எப்படிச் சாதிக்கிறது? அது காத்திருந்து தொடங்குவதில்லை; முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. வெங்காயத்தைப் போன்ற அதன் குமிழ்த்தண்டு மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அடுத்த வசந்தத்திற்கான இலைகளும் பூங்கொத்தும் முந்தைய கோடையிலிருந்தே அதற்குள் உருவாகிவிடுகின்றன. செடியின் வளர்ச்சியில் இரண்டு வேலைகள் உள்ளன: செல்கள் பிரிந்து எண்ணிக்கையில் பெருகுவது ஒன்று, பிரிந்த செல்கள் நீரை ஏற்று நீண்டு பருப்பது மற்றொன்று. குளிரில் முதல் வேலை வெகுவாக மந்தமாகிவிடும். இரண்டாவது அந்த அளவுக்குத் தடைபடுவதில்லை. எனவே செல் பிரிதலை மண்ணின் வெதுவெதுப்பிலேயே முடித்து வைத்துக்கொண்ட புளூபெல், ஜனவரி, பிப்ரவரி மாதக் குளிரிலும் நீரை ஏற்றி இலைகளை வெளியே தள்ளிவிடுகிறது. இத்தகைய முன்வசந்தத் தாவரங்கள் பலவற்றின் செல்கள் அளவில் பெரியவை. அவற்றிலுள்ள டிஎன்ஏவின் அளவும் மிகுதி. புளூபெல்லின் ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏ, மனித செல்லில் உள்ளதைப்போல் பல மடங்கு. பெரிய செல்லைப் பிரிக்க நேரம் பிடிக்கும். ஆனால் பிரித்து வைத்துவிட்டால் அதை நீரால் பெருக்கச் செய்வது விரைவாக முடியும். குளிர்நாட்டு வசந்தத்திற்கு அந்த ஏற்பாடு பொருந்திவிடுகிறது.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. விதையிலிருந்து முளைத்த புளூபெல் முதற்பூவைக் காட்டப் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். முளைக்கும்போது மண்ணின் மேற்பரப்பிலேயே இருக்கும் குமிழ்த்தண்டை, சுருங்கும் தன்மையுள்ள வேர்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கீழே இழுக்கின்றன. ஆழத்தில் உறைபனி தாக்காது. ஆனால் அங்கே பாஸ்பரஸ் சத்து குறைவு. புளூபெல்லின் தடித்த வேர்களில் சத்தைத் துழாவி எடுக்கும் வேர்த்தூவிகளும் இல்லை. அந்தக் குறையை வேருக்குள் குடியேறும் பூஞ்சைகள் ஈடுசெய்கின்றன: அவை நூல்போன்ற இழைகளை மண்ணெங்கும் அனுப்பி பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. 1990களில் யார்க்ஷயர் பகுதிக் காடு ஒன்றில், பூஞ்சைக்கொல்லி இட்டு இந்த உறவைத் துண்டித்துப் பார்த்தபோது, செடிகளுக்கு வரும் பாஸ்பரஸ் குறைந்துபோனது தெரியவந்தது. ஆகவே நீலமாகத் தெரியும் அந்தப் பரப்பு, கண்ணுக்குத் தெரியாத இழைகளால் ஆன ஒரு பரப்பின் மேல்தான் நிற்கிறது.

இவ்வளவு நுட்பமான செடிக்கு ஒரு பலவீனம் உண்டு: அதனால் தூரம் போக முடியாது. விதைகளுக்குச் சிறகில்லை, தாய்ச்செடியின் காலடியிலேயே உதிர்கின்றன. புளூபெல்லோடு பூக்கும் வெண்ணிற வுட் அனிமோனி, இஞ்சி மஞ்சளைப் போல மட்டநிலத்தண்டு விட்டுப் பரவுவது. நூறாண்டில் ஓர் ஆள் நீளம் நகர்வதே அதற்கு அதிகம் என்பார்கள். இவை ஒரு காட்டில் விரிந்து பரவியிருக்கின்றன என்றால், அந்த நிலம் பல நூற்றாண்டுகளாக ஏருக்குள் வராமல் காடாகவே இருந்திருக்கிறது என்பதற்கு அது வலுவான தடயம். இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் இடைவிடாமல் காடாக இருந்து வரும் நிலத்தைப் பழங்காடு என்று வகைப்படுத்துகிறார்கள். அதற்கு முன் மரம் நட்டுக் காடு உண்டாக்கும் வழக்கம் அரிது என்பதால், 1600இல் இருந்த காடு அதற்கு வெகு முன்பே இருந்திருக்கும் என்பது கணிப்பு. பிரிட்டனின் நிலப்பரப்பில் இன்று அத்தகைய காடு சுமார் 2.5 சதவீதமே. மரம் நடுவதால் காட்டை ஈடுகட்டிவிடலாம் என்று நம்புவோரிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஓக் கன்றை இன்று நடலாம், ஆனால் இந்தத் தரையை நட முடியாது.

காட்டின் ஓரத்திற்குப் போனால் அந்தப் பழமையைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயலும் காடும் சந்திக்கும் இடத்தில் மண் கரை ஒன்று வளைந்து வளைந்து ஓடும்; அதன் வெளிப்புறத்தில் பள்ளம் இருக்கும். மேயும் ஆடுமாடுகள் காட்டுக்குள் ஏறிவராமல் தடுக்க இடைக்காலத்தில் வெட்டிய எல்லை அது. கரைக்கு அப்பால் இருக்கும் மண்ணும் உள்ளே இருக்கும் மண்ணும் ஒரே பனியுகக் களிமண்தான். ஈரம் தேங்கும் இடங்களில் வெளிர்மஞ்சள் நிற ஆக்ஸ்லிப் பூக்கும், வடிகால் உள்ள இடங்களில் புளூபெல் பூக்கும். பிரிட்டனில் ஆக்ஸ்லிப் இயற்கையாக வளர்வது இந்தக் கிழக்குப் பகுதியைச் சுற்றி மட்டுமே.

ஆடுமாடுகளை ஏன் அவ்வளவு பாடுபட்டுத் தடுத்தார்கள்? அந்தக் காடு வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தது என்பதுதான் விடை. பிராட்ஃபீல்டு காடு பரி மடாலயத்திற்குச் சொந்தமாக இருந்தது. இங்கே முறைவைத்து மரம் வெட்டியதற்கான பதிவுகள் 1252ஆம் ஆண்டு முதல் கிடைக்கின்றன. கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போன்ற முறை இது. ஹேசல், ஆஷ் மரங்களைக் குளிர்காலத்தில் தரையோடு வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளுக்கு, மேலே வளரும் நுனியிலிருந்து இறங்கிவந்த ‘வளராதே’ என்ற ஹார்மோன் கட்டளை அதோடு நின்றுபோகும். பெரிய மரத்திற்காக விரிந்த வேர்த்தொகுதி முழுவதும் அப்படியே உயிரோடு இருக்கும். சேமித்த உணவும் அதில் இருக்கும். வசந்தத்தில் கட்டையைச் சுற்றிலும் பத்திருபது துளிர்கள் ஒரே வேகத்தில் எழும்பும். அந்தத் துளிர்கள் ஆடுமாட்டுக்கு நல்ல தீனி என்பதால்தான் கரையும் பள்ளமும் தேவைப்பட்டன. வளர்ந்த கழிகள் விறகாகவும், கூரை வேய்வதற்கான முளைகளாகவும், மண்சுவருக்குள் வைத்துப் பின்னும் சட்டங்களாகவும் பயன்பட்டன. 20ஆம் நூற்றாண்டிலும் அருகிலுள்ள லிட்டில் வெல்னெதம் ஊரின் தொழிற்கூடத்தில் இக்காட்டின் கழிகளிலிருந்து வைக்கோல் வாரும் கருவிகளைச் செய்து வந்தார்கள்.

வெட்டினால் மரத்தின் ஆயுள் குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே நடப்பது நேர்மாறானது. வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் பொதுவாக ஓரிரு நூற்றாண்டுகளில் உளுத்துச் சரிந்துவிடும். முறையாக வெட்டப்படும் ஆஷின் அடிக்கட்டைக்குச் சுமக்கப் பெரிய பாரமில்லை, காற்றில் சாயவும் உயரமில்லை; நடுப்பகுதி மட்கிப்போனாலும் விளிம்பு வளையமாக அகன்றுகொண்டே போகும். பிராட்ஃபீல்டில் உள்ள அத்தகைய ஆஷ் அடிக்கட்டை ஒன்றுக்கு ஆயிரம் ஆண்டு வயதிருக்கும் என்று கணித்தவர், இங்கிலாந்துக் காடுகளின் வரலாற்றைக் கரைகளையும் கட்டைகளையும் கொண்டே வாசித்த கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஆலிவர் ராக்கம் (1939–2015).

தரைக்கும் அந்த வெட்டு ஒரு வரம். ஒரு துண்டுப் பகுதியை வெட்டியவுடன் அங்கே கோடையிலும் வெயில் இறங்குகிறது. பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிய விதைகள் விழித்துக்கொள்கின்றன. நிழலில் இலையோடு நின்றுபோன ஆக்ஸ்லிப்பும் அனிமோனியும் வெட்டுக்குப் பின் இரண்டாம், மூன்றாம் வசந்தங்களில் கொத்துக் கொத்தாகப் பூக்கின்றன. பிறகு துளிர்கள் உயர்ந்து அடர்ந்த புதராகும். அந்த அடர்த்தியில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரலில் திரும்பும் நைட்டிங்கேல் பறவை கூடு கட்ட விரும்புகிறது. மெல்ல நிழல் மூடும், பூக்கள் குறையும். அதற்குள் பக்கத்துத் துண்டு வெட்டப்பட்டிருக்கும். ஒரே காட்டுக்குள் ஒளியும் நிழலும் இவ்வாறு இடம் மாறிக்கொண்டே இருந்ததால், இரண்டையும் நாடும் உயிர்களுக்கு 750 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே இடமிருந்தது. இந்தக் காட்டின் அமைதியைக் கைபடாத இயற்கையின் அமைதி என்று எண்ணுவது பிழை. ஒவ்வொரு குளிர்காலமும் மனிதர் வந்து உழைத்துவிட்டுப் போனதால் நிலைத்த அமைதி அது.

அந்த ஏற்பாடு குலையும் வேகத்தை நினைத்தால் மனம் பதைக்கிறது. பிராட்ஃபீல்டைச் சேர்ந்த மாங்க்ஸ் பார்க் பகுதியின் பெரும்பங்கு 1960களில் வேரோடு பறிக்கப்பட்டு விளைநிலமாக்கப்பட்டது. எஞ்சியது 1970இல் காப்பகமாக மீட்கப்பட்டு, இன்று சஃபோக் வனவிலங்கு அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. முறைவைத்து வெட்டுவதும் தொடர்கிறது. இன்றைய எதிரிகள் வேறு. சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்டு 20ஆம் நூற்றாண்டில் பரவிய முன்ட்ஜாக் என்ற குள்ள மான் துளிர்களையும் பூக்களையும் மேய்ந்துவிடுகிறது. மண்கரை அதற்கு ஒரு தடையே அல்ல, ஆகவே வேலி போட வேண்டியிருக்கிறது. 2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஒன்று ஆஷ் மரங்களைக் கிளை நுனியிலிருந்து கருகச் செய்து வருகிறது.

நிழல் இறங்கும் நாளும் முன்னைப்போல் இல்லை. பக்கத்து நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் வசந்தத்தின் அடையாளங்களைக் குறித்து வைக்கத் தொடங்கினார்: அனிமோனி பூத்த நாள், ஓக் இலை விட்ட நாள், தவளை கத்திய நாள். அவருடைய குடும்பத்தினர் 1958 வரை அதைத் தொடர்ந்தனர். அத்தகைய பதிவுகளிலிருந்தே, வெப்பமான வசந்தத்தில் ஓக் முந்தி இலைவிடுகிறது என்பதைக் கணக்கிட முடிந்தது. மரமும் பூவும் ஒரே அளவில் முந்தினால் இடைவெளி அப்படியே இருக்கும். மரம் அதிகமாக முந்தினால் புளூபெல்லுக்குக் கிடைக்கும் வெளிச்ச நாட்கள் குறையும்.

உலகின் புளூபெல்களில் ஏறக்குறைய பாதி பிரிட்டனில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பொது இடத்தில் அதன் குமிழ்த்தண்டைத் தோண்டுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பூவைப் பறிப்பதைவிட இலையை மிதிப்பதே பெரிய தீங்கு என்பதால் காட்டுக்குள் வருவோரைப் பாதையிலேயே நடக்கச் சொல்கிறார்கள். நசுங்கிய இலையால் உணவு தயாரிக்க இயலாது. அந்தச் சில வாரங்களை இழந்த செடி மீண்டு பூக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். ஜூன் மாதத்தில் இலைகள் தாமாகவே மஞ்சளித்துச் சாயும். காய்ந்த விதைக்கூடுகள் திறந்து கருமணி விதைகள் காலடியிலேயே உதிரும். மேலே விதானம் முழுமையாக மூடியிருக்கும். அந்த இருட்டுக்கு அடியில், மண்ணுக்குள் இருக்கும் குமிழ்த்தண்டில் அடுத்த ஏப்ரலுக்கான பூமொட்டுகள் உருவாகத் தொடங்கியிருக்கும்.