பீரில் வேகும் இறைச்சி உருண்டை: ஆல்கஹால் முழுதாகப் போய்விடுமா?

“கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிடும்ல?”

பீர் ஊற்றிச் சமைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். ‘ஆமாம்’ என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அது. உணவியல் ஆலோசகராக நான் ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பீரில் உள்ள ஆல்கஹாலான எத்தனால் சுமார் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். அதனால் 78-ஐத் தாண்டியதும் ஆல்கஹால் மொத்தமும் கிளம்பிவிடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் அப்படித் தனியாகப் பிரிந்து போவதில்லை. இரண்டும் சேர்ந்தே ஆவியாகின்றன. தொடக்கத்தில் ஆல்கஹால் வேகமாக வெளியேறும். குழம்பில் அதன் அளவு குறையக் குறைய, வெளியேறும் வேகமும் குறைந்துவிடும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1992இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், சமைக்கும் முறையைப் பொறுத்து 4 முதல் 85 சதவீதம் வரை ஆல்கஹால் உணவில் தங்கியது. அந்நாட்டு வேளாண் துறையின் அட்டவணைப்படி, குழம்போடு கலந்து 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதமும், அரை மணி நேரத்தில் 35 சதவீதமும், ஒரு மணி நேரத்தில் 25 சதவீதமும் மிஞ்சும். இரண்டரை மணி நேரம் கொதித்த பிறகும் 5 சதவீதம் இருக்கும். இறைச்சி உருண்டைகளை யாரும் அவ்வளவு நேரம் வேகவைப்பதில்லை. அரை மணி நேரத்தில் இறக்கிவிடுவோம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 330 மில்லி பீரில் ஏறத்தாழ 13 கிராம் எத்தனால் இருக்கும். அரை மணி நேரத்துக்குப் பின் நாலரை கிராம் மிஞ்சும். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். நலமாக உள்ள பெரியவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பாத்திரத்தை மூடி வேகவைத்தால் இதைவிடக் கூடுதலாகத் தங்கும், அகலமான சட்டியில் திறந்து வைத்தால் குறையும்.

ஆனால் சாப்பிட உட்காரும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. குடியை விடுவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்குச் சிறிதளவு ஆல்கஹால்கூட முகச்சிவப்பு, படபடப்பு, வாந்தி என்று உடலைப் படுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. மாத்திரை எடுக்காமலே குடியிலிருந்து மீண்டு வருபவருக்கு அந்த வாசனையும் கசப்புமே பழைய ஆசையைக் கிளப்பிவிடக் கூடும். பெரும்பாடுபட்டு நிறுத்தியவர் அவர். சொல்லாமல் அவர் தட்டில் இதைப் பரிமாறுவதை என்னால் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஒரு அளவு நிறுவப்படவில்லை. குழந்தைகளுக்கும் தனியாகச் சமைத்துவிடுங்கள். மத நம்பிக்கையால் தவிர்ப்பவருக்கோ சதவீதமே பேச்சில்லை, ஒரு துளியும் வேண்டாம் என்பதுதான் அவர் நிலை.

பலர் கவனிக்காத இன்னொன்று, பீர் செய்யப் பயன்படும் பார்லி தானியம். குளூட்டன் என்ற தானியப் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவருக்கு ஆகாத அந்தக் குளூட்டன் பீரில் உண்டு, எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. உருண்டை பிடிக்கச் சேர்க்கும் ரொட்டித் தூளிலும் அது இருக்கிறது. ‘ஆல்கஹால் இல்லாத’ பீரும் அவருக்குத் தீர்வாகாது, அதுவும் பெரும்பாலும் பார்லியில் செய்ததுதான். அதோடு, அந்தப் பெயரில் விற்கும் பலவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். கீல்வாதத்தில் கவுட் வகை உள்ளவர்களுக்கு இறைச்சி, பீர் இரண்டிலுமே, உடலில் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரின் வந்து சேர்கிறது.

ஆல்கஹாலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்களும் இறைச்சி வெந்ததா என்று சரியாகப் பார்ப்பதில்லை. முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது உள்ளே முழுக்கப் பரவிவிடுகின்றன. எண்ணெயில் வெளிப்புறம் சிவந்துவிட்டால் போதாது. மாடு, ஆடு, பன்றி என்றால் உருண்டையின் நடுப்பகுதி 71 டிகிரியையும், கோழி என்றால் 74 டிகிரியையும் தொட வேண்டும். நிறத்தை நம்ப முடியாது, சில நேரம் வேகும் முன்பே பழுப்பாகிவிடும். உணவு வெப்பமானியைக் குத்திப் பார்ப்பதே ஒரே வழி. பீர் கிருமியைக் கொன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், 5 சதவீத ஆல்கஹாலுக்கு அந்தச் சக்தி கிடையாது. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

சுவைக்காகப் பீர்தான் வேண்டும் என்பவர்கள் கசப்பு குறைந்த லாகர் வகையை எடுக்கலாம். கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ மிகுந்த பீர் வற்ற வற்றக் கசந்துபோகும். வேண்டாதவர்களுக்கு எலும்புச் சாறு, பொன்னிறம் தாண்டும் வரை நிதானமாக வதக்கிய வெங்காயம், இறக்கும் முன் அரைக் கரண்டி ஆப்பிள் வினிகர். பீரின் கசப்பு இதில் வராது. ஆனால் நிறமும் புளிப்பும் லேசான இனிப்பும் வந்துவிடும், பீரைப் பற்றிய கவலை இல்லாமல் ஒரே சட்டியில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சமைக்கலாம்.