காந்தப்புலம்: எது வரை பரவும், எது வரை புலப்படும்?

காந்தப்புலம், பெயர்ச்சொல். ஒரு காந்தத்தையோ மின்னோட்டத்தையோ சுற்றி, காந்த ஊசியை எங்கே வைத்தாலும் அதைத் திருப்பப் பார்க்கும் தன்மை பரவியிருக்கும் வெளி. புள்ளிக்குப் புள்ளி அதற்கு ஓர் அளவும் ஒரு திசையும் உண்டு. பேச்சு வழக்கில் ‘மேக்னடிக் ஃபீல்டு’.

சொல்லின் முன்பாதி வடமொழி. ‘அயஸ்காந்தம்’ என்றால் இரும்புக்குப் பிரியமானது. அந்த முழுச்சொல் இன்றும் சித்த மருந்துக் கடையில் அயக்காந்தச் செந்தூரமாக டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது. ‘வயிறு காந்துது’, ‘சோறு காந்தல் வாசம் அடிக்குது’ என்பவற்றில் வரும் காந்து வேறு. அது சூட்டையும் எரிச்சலையும் சொல்லும் தமிழ் வினை. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காந்தத்துக்குத் தமிழ் வேர் காட்டுவோர் உண்டு. ஓசை பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை.

பின்பாதிதான் சுவையானது. வன்புலம், மென்புலம் என்னும்போது புலம் நிலம். தென்புலத்தார் என்னும்போது திசை. ஐம்புலம் என்னும்போது, உணர்ந்து அறியப்படுவது. 1845இல் மைக்கேல் ஃபாரடே ‘ஃபீல்டு’ என்ற சொல்லைக் காந்தத்துக்குக் கையாண்டபோது அவர் மொழியில் அதற்கு வயல்வெளி என்ற பொருள் இருந்தது. உணர்வு என்ற பொருள் இல்லை. தமிழில் இடம், திசை, உணரப்படுவது மூன்றும் ஒரே சொல்லில் கிடைத்துவிட்டன. மூன்றும் காந்தப்புலத்துக்கு வேண்டியவையே. மொழிபெயர்ப்பு மூலத்தைவிடப் பொருத்தமாக அமைந்த அபூர்வமான இடம் இது.

‘காந்தக் களம்’, ‘காந்த வயல்’ என்று இயந்திர மொழிபெயர்ப்பில் வருபவற்றைத் தள்ளிவிடலாம். பூமியைச் சூழ்ந்து விண்வெளி வரை விரியும் பெரும்பரப்புக்குக் ‘காந்த மண்டலம்’ என்பதை ஒதுக்கிவைப்பது நல்லது. ‘காந்த அலை’ தவறு. மேசைமேல் சும்மா கிடக்கும் காந்தம் அலை எதையும் அனுப்புவதில்லை. ‘காந்த சக்தி’ என்பது விசையையும் ஆற்றலையும் குழப்பும் சொல்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி: ஒரு காந்தத்தின் புலம் எவ்வளவு தூரம் போகும்? அதற்கு ஓரம் கிடையாது, மெலிந்துகொண்டே போகும். எல்லை இருப்பது புலப்படும் தொலைவுக்குத்தான், அந்த எல்லையை வைப்பது உங்கள் கருவி. ‘இதன் புலம் 30 செ.மீ.’ என்று எழுதுவதைவிட ‘இந்த ஊசிக்கு 30 செ.மீ.யில் புலப்படுகிறது’ என்று எழுதுவதே சரி.

சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் கிடைக்கும் 10 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் கொண்ட நியோடிமியம் காந்த வில்லையை எடுத்துக்கொள்வோம். காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா. வில்லையின் முகத்தில் ஏறத்தாழ 0.4 டெஸ்லா, அதாவது 4 லட்சம் மைக்ரோடெஸ்லா. முகத்துக்கு நேரே 10 செ.மீ. தள்ளினால் சுமார் 75 மைக்ரோடெஸ்லா. 20 செ.மீ.யில் 9. 40 செ.மீ.யில் ஒன்றுக்குச் சற்று மேல். காந்தத்தின் அளவைப்போல் பல மடங்கு தள்ளி வந்தபின், தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்காகிறது. சென்னையில் பூமியின் புலம் கிடைமட்டமாகச் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. 12 செ.மீ.யைத் தாண்டியதும் நம் வில்லை பூமியிடம் தோற்கத் தொடங்குகிறது.

பூமியே அளவுகோலாகவும் ஆகும். மரமேசையில் திசைகாட்டியை வைத்து, ஊசி நின்றதும் அதன் நடுவழியாகக் கிழக்கு மேற்காகச் சாக்பீஸ் கோடு போடுங்கள். வில்லையைக் கோட்டின்மேல், முகம் ஊசியைப் பார்க்கும்படி, ரப்பர் துண்டில் செருகி நிறுத்துங்கள். படுக்க வைத்தால் கணக்கு கெட்டது. பள்ளி ஆய்வகத்தில், ஊசியின் விலகலை வைத்துப் புலத்தை அளக்கும் விலகு காந்தமானியை ‘டேன் ஏ’ நிலையில் வைப்பது இதுவேதான். ஊசி விலகும் கோணத்தின் டேன்ஜென்ட்டை 40ஆல் பெருக்கினால் மைக்ரோடெஸ்லா கிடைத்துவிடும். 20 செ.மீ.யில் 13 பாகை விலகும், 30 செ.மீ.யில் 4 பாகை, 40 செ.மீ.யில் 2 பாகைக்கும் கீழே. சாதாரணத் திசைகாட்டிக்கு அதோடு சரி. படிக்குமுன் விரலால் மெல்லத் தட்டுங்கள். ஊசி முனையின் உராய்வே ஓரிரு பாகையை விழுங்கும். பிறகு காந்தத்தைத் திருப்பி வைத்து மறுபடி அளந்து சராசரி எடுங்கள்.

தவறு பெரும்பாலும் காந்தத்தில் இருக்காது, வீட்டில் இருக்கும். அடுக்குமாடித் தரையில் கம்பி, பக்கத்தில் இரும்பு பீரோ, மேசைக்கடியில் இரும்புக் கால். காந்தத்தைக் கொண்டுவருமுன் திசைகாட்டியை மட்டும் கோட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஊசி திசை மாறினால் இடத்தை மாற்றுங்கள். வில்லை ஊசியைத் தொட்டுவிட்டால் சில சமயம் ஊசியின் துருவமே புரண்டு, வடமுனை தெற்கைக் காட்டும்.

கைபேசிக்குள் இருக்கும் காந்த உணரி இதைவிடக் கூர்மை. ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழே பிரித்தறியும். இந்த வில்லையை அரை மீட்டர் வரை அது காணலாம், கைபேசி அசையாமல் இருந்தால். கையில் பிடித்து லேசாகத் திருப்பினாலே பூமியின் 40 மூன்று அச்சுகளுக்குள் இடம் மாறி, தேடும் 0.6 மைக்ரோடெஸ்லாவை மூழ்கடித்துவிடும். மேசையில் கிடத்தி, காந்தத்தை வைத்தும் எடுத்தும் வித்தியாசத்தைக் குறியுங்கள். காந்தப் பொத்தான் வைத்த உறை போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். வில்லையைக் கைபேசிமேல் ஒட்டாதீர்கள்: உள்ளிருக்கும் இரும்புப் பாகங்கள் காந்தமேறி, எட்டு வடிவில் ஆட்டிச் சரிசெய்யும்வரை அளவு பொய் சொல்லும்.

புலத்தை மின்னழுத்தமாக மாற்றித் தரும் மூன்று கால் ஹால் உணரியை வாங்கி, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் இணைப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. 49ஈ வகை, ஒரு காஸுக்கு (100 மைக்ரோடெஸ்லா) சுமார் 1.4 மில்லிவோல்ட் தருகிறது. 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும் பலகைக்கு ஒரு படியே 4.9 மில்லிவோல்ட். ஆக 350 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே எதுவும் தெரியாது, 6 செ.மீ.க்கு அப்பால் அது குருடு. உணரி பழுதில்லை, வேலைக்கு ஒவ்வாத உணரி. மாறாக, நானோடெஸ்லா (மைக்ரோடெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளக்கும் ஃப்ளக்ஸ்கேட் காந்தமானிக்கு இதே வில்லை 4 மீட்டரிலும் ஒரு நானோடெஸ்லாவாகத் தெரியும். ஆனால் பூமியின் புலமே பகலில் பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்குவதால், இரண்டு உணரிகளை வைத்துக் கழித்துத்தான் அதைப் பிரித்தெடுக்க முடியும்.

குண்டூசியை இழுத்துப் பார்ப்பது புலத்தை அளப்பதாகாது. இழுப்புக்குப் புலம் மட்டும் போதாது, அது இடத்துக்கிடம் மாறவும் வேண்டும். பூமியின் புலம் ஊசியைத் திருப்பும், இழுக்காது. காந்தத்துக்கும் குண்டூசிக்கும் நடுவே அட்டை, கண்ணாடி, அலுமினியத் தகடு எதை வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. இரும்புத் தகடு மட்டும், புலத்தின் திசையைக் காட்டும் புலக்கோடுகளைத் தன்வழியே திருப்பிக்கொள்ளும். கோடுகளைக் கண்ணால் காண மெரினாவில் அலை ஒதுக்கிய கருமணல் போதும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உலர்ந்த மணலில் இழுத்தால் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் மணிகள் ஒட்டிக்கொள்ளும். பையில்லாமல் இழுத்தால் அந்தத் தூளைக் காந்தத்திலிருந்து பிரிக்க ஒரு மாலைப்பொழுது போகும்.