ஸ்டேடியத்துக்குப் போன வரிப்பணம் திரும்பி வருகிறதா? கணக்குப் பார்க்கும் விதம்

2013 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி, நகரத்தை விட்டு வடமேற்கே இருக்கும் காப் கவுன்டிக்கு (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குடிபெயரப் போவதாக அறிவித்தது. நவம்பர் 26 அன்று காப் கவுன்டி ஆணையர்கள் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். நடுவில் பதினைந்தே நாள். புது ஸ்டேடியம் கட்டக் கவுன்டி கொடுக்க ஒப்புக்கொண்டது சுமார் 30 கோடி டாலர். மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அந்தப் பணத்தைத் திரட்ட வெளியிடும் கடன் பத்திரம் செல்லாது என்று போட்ட வழக்கு 2015-ல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஒப்பந்தத்தை முன்னின்று முடித்த கவுன்டி தலைவர் டிம் லீ 2016-ல் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றார். அன்று எதிர்த்து வாக்களித்த ஒரே ஆணையர் லிசா கியூப்பிட் 2020 தேர்தலில் ஜெயித்துக் கவுன்டியின் தலைவரானார்.

வெறும் ஸ்டேடியம் என்றால் இது அமெரிக்காவில் பல ஊர்களில் நடந்த பழைய கதைதான். இங்கே புதுசு, ஸ்டேடியத்தோடு சேர்த்துக் கட்டிய 'தி பேட்டரி' என்ற வட்டாரம். உணவகங்கள், ஓட்டல், அலுவலகக் கட்டடங்கள், அடுக்குமாடிக் குடியிருப்பு, இசை அரங்கு எல்லாம் மைதானத்தின் வாசலிலேயே இருக்கின்றன. 2017-ல் ஆட்டம் தொடங்கியதிலிருந்து, வேறு ஊர்களில் அணிகள் வரிப்பணம் கேட்கும்போதெல்லாம் "பேட்டரியைப் பாருங்கள்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அவர்கள் சொல்வது இதுதான்: ஸ்டேடியம் மட்டும் கட்டினால் போட்ட காசு வராது, சரி, ஆனால் சுற்றிலும் ஒரு ஊரே எழும்புகிறதே, அந்த வரியிலேயே கடன் அடைந்துவிடாதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில், கடனை யார் அடைக்கிறார்கள்? 2013 ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஏற்கனவே வசூலாகிக்கொண்டிருந்த சொத்து வரியிலிருந்து 86.7 லட்சம் டாலர் இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டது. ஸ்டேடியம் இருக்கும் கம்பர்லண்ட் பகுதியின் வணிகச் சொத்துகள் மேல் புதிதாக ஒரு வரி போட்டு 51.5 லட்சம், அங்குள்ள ஓட்டல் அறைகளுக்கு இரவுக்கு 3 டாலர் கட்டணம் வைத்து 27.4 லட்சம். மிச்சம் பழைய ஓட்டல் வரியிலும் வாடகைக் கார் வரியிலும் சில லட்சங்கள். அணி தன் பங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் கட்டுகிறது.

இந்தப் பட்டியலில் பெரிய தொகை முதலாவதுதான், அது புதுப் பணமே அல்ல. ஸ்டேடியம் இல்லாவிட்டால் பூங்காவுக்கோ நூலகத்துக்கோ போலீசுக்கோ போயிருக்கக்கூடிய காசு அது, அல்லது வரியைக் குறைத்து மக்கள் கையிலேயே விட்டிருக்கலாம். 2018-ல் கவுன்டிக்குச் சுமார் 3 கோடி டாலர் பற்றாக்குறை வந்தது, சில நூலகங்களை மூடலாமா என்று பேசினார்கள், கடைசியில் சொத்து வரியை உயர்த்தினார்கள். அந்தப் பற்றாக்குறை முழுவதையும் ஸ்டேடியத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. ஆனாலும் ஆண்டுக்கு 86.7 லட்சம் டாலர் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும் ஊரில் நூலகத்தை மூடுவது பற்றி யோசிக்கிறார்கள் என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்து வருமானம். காப் கவுன்டியிலேயே குடியிருக்கும் ஒரு குடும்பம் ஆட்டம் பார்க்க வந்து, பேட்டரியில் ஒரு கடையில் 100 டாலருக்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரி 6 சதவீதம், அதாவது 6 டாலர். அதில் 4 டாலர் ஜார்ஜியா மாநில அரசுக்குப் போய்விடும். 1 டாலர் பள்ளிக் கட்டடங்கள் போன்ற கல்விச் செலவுக்கு. இன்னொரு 1 டாலர் சாலை முதலான கட்டுமானப் பணிகளுக்கென்று வாக்கெடுப்பில் மக்கள் ஒதுக்கியது. ஸ்டேடியக் கடனை அடைக்கும் கவுன்டியின் பொது நிதிக்கு அந்த 6 டாலரில் எதுவுமே வரவில்லை. எனவே "பேட்டரியில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கிறது" என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை வைத்துக்கொண்டு கடன் தானாக அடைந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பம் ஆட்டத்துக்கு வராமல் இருந்திருந்தால் அந்த 100 டாலரை என்ன செய்திருக்கும்? பெரும்பாலும் அதே கவுன்டியில் வேறொரு கடையில் செலவழித்திருக்கும், சினிமாவுக்குப் போயிருக்கும், பிள்ளைகளுக்குத் துணி எடுத்திருக்கும். மாத வருமானத்தில் பொழுதுபோக்குக்கு ஒதுக்க முடிகிற தொகை ஸ்டேடியம் வந்ததால் கூடிவிடுவதில்லை. பொருளாதார வல்லுநர்கள் இதைப் பதிலீட்டு விளைவு என்பார்கள். கவுன்டிக்கு நிஜமான புது வரவு எது என்றால், வெளியூரிலிருந்து இந்த ஆட்டத்துக்காக மட்டுமே வந்தவர்கள் செலவழித்ததும், இங்கே இருப்பவர்கள் வெளியூரில் செலவழிக்க இருந்து, ஸ்டேடியம் இருப்பதால் இங்கேயே செலவழித்ததும்தான்.

இந்த இடத்தில் பேட்டரிக்கு ஒரு சாதகம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அட்லாண்டா பெருநகரம் பல கவுன்டிகளாகப் பிரிந்து கிடக்கிறது, பக்கத்து கவுன்டிக்காரர்கள் வந்து செலவழித்தால் காப் கவுன்டிக்கு அது புதுப் பணம்தான். ஆனால் பெருநகரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போட்டதுதான். எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து லாபமும் நஷ்டமும் மாறும்.

சரி, "ஸ்டேடியம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்" என்பதை எப்படி அளப்பது? நடக்காத ஒன்றை நேரில் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் சில நேரம் வாழ்க்கையே சோதனை நடத்திக் காட்டிவிடும். 1994 ஆகஸ்ட் 12 அன்று பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அந்த ஆண்டு இறுதிப் போட்டித் தொடரே நடக்கவில்லை. ஸ்டேடியங்கள் அப்படியே நின்றன, ஆட்டம் மட்டும் இல்லை. ஆட்டத்தால் ஊருக்கு வருமானம் கொட்டுகிறது என்பது உண்மையானால் இந்த ஊர்களின் வருமானம் பளிச்சென்று சரிந்திருக்க வேண்டும். டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ப்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேஸ்பாலிலும் மற்ற விளையாட்டுகளிலும் நடந்த இப்படிப்பட்ட நிறுத்தங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஊர் மக்களின் வருமானத்தில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி எதுவும் தெரியவில்லை.

இன்னொரு வழி ஒப்பீடு. ஸ்டேடியம் வந்த இடத்தையும், மற்ற விதங்களில் அதைப் போலவே இருந்து ஸ்டேடியம் மட்டும் வராத இடங்களையும் பக்கத்தில் வைத்து, திறப்புக்கு முன்னும் பின்னும் இரண்டின் வளர்ச்சியும் எப்படிப் போகிறது என்று பார்ப்பது. கென்னசா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பொருளாதாரப் பேராசிரியர் ஜே. சி. பிராட்பரி இந்த முறையில் காப் கவுன்டியின் விற்பனை வரியையும் வணிகச் சொத்து மதிப்பையும் ஆராய்ந்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பதும் காப் கவுன்டியில்தான். வரி வசூல் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் கவுன்டி போடும் பணத்தை ஈடுகட்டும் அளவுக்கு இல்லை, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்குத் துண்டு விழுகிறது என்று அவர் மதிப்பிட்டார். ஒரு குடும்பத்துக்குச் சுமார் 50 டாலர்.

இதற்கு நேர் எதிராக, 2018-ல் உள்ளூர் வணிகச் சபைக்காக ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் செய்த கணக்கு, ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் நன்மை என்று சொன்னது. ஒரே திட்டத்துக்கு இப்படி இரண்டு விடையா என்று குழம்ப வேண்டாம். கம்பர்லண்ட் பகுதி இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம், ஸ்டேடியம் வருவதற்கு முன்பே பெரிய வணிக மையம், 2008 சரிவுக்குப் பிறகு அந்த நாட்டில் பல நகரங்களில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஏற்றத்தில் எவ்வளவை ஸ்டேடியத்தின் பேரில் எழுதுவது என்பதில்தான் சண்டையே. எனக்கு ஒப்பீட்டு முறைதான் நம்பகமாகப் படுகிறது, ஏனென்றால் ஊரெல்லாம் பெய்த மழையை அது ஒருவர் கணக்கில் எழுதுவதில்லை.

பேட்டரி மாதிரித் திட்டங்களில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பழைய ஸ்டேடியங்களைச் சுற்றி இருந்த பெட்டிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் ஊர்க்காரர்களுடையவை, ஆட்ட நாளில் அவர்களுக்கும் நாலு காசு கிடைத்தது. இப்போது சுற்றியுள்ள நிலத்துக்கும் அணியே சொந்தக்காரர், கடைகளிடமும் அலுவலகங்களிடமும் வாடகை வாங்குவதும் அணிதான். பிரேவ்ஸ் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்பதால் வரவு செலவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்: 2023-ல் இந்த வட்டாரத்திலிருந்து மட்டும் சுமார் 5.9 கோடி டாலர் வருவாய். ஊருக்குக் கசியும் என்று சொல்லி மானியம் வாங்கினார்கள், கசிவையும் பிடித்து வைத்துக்கொள்ளும்படி திட்டத்தை அமைத்தார்கள். பேட்டரியின் கட்டடங்கள் சொத்து வரி கட்டுகின்றன, அது நல்ல விஷயம். ஸ்டேடியம் ஒரு பொது ஆணையத்தின் பெயரில் இருப்பதால் அதற்குச் சொத்து வரி கிடையாது.

அணி விட்டுப்போன டர்னர் ஃபீல்டைப் பாருங்கள். 1997 முதல் 2016 வரை அங்கே பேஸ்பால் ஆடினார்கள், சுற்றியிருந்த சம்மர்ஹில் பகுதி பெரும்பாலும் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது. ஆண்டுக்கு 81 ஆட்டம் போக மிச்ச நாளெல்லாம் அந்த இடத்துக்கு வேலை இல்லை. அணி போன பிறகு ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஸ்டேடியத்தை வாங்கியது, வீடுகளும் கடைகளும் வந்தன, 2023-ல் அந்தப் பகுதி மக்களுக்கு ஒரு பெரிய மளிகைக்கடையும் கிடைத்தது. அட்லாண்டா நகரமே வளர்ந்துகொண்டிருந்தது இதற்குப் பெரிய காரணம். இருந்தாலும் நல்ல நிலத்தை ஸ்டேடியம் எவ்வளவு காலம் அடைத்து வைக்கிறது என்பதையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கொடுக்கிறார்கள்? பிரேவ்ஸ் ஆடும் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கில் இருப்பதே 30 அணிகள். புது அணி சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர்களும் அந்த அணிகளின் முதலாளிகள்தான். 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது, இன்றும் அது பெரும்பாலும் நிற்கிறது. அணி வேண்டும் என்று ஏங்கும் நகரங்கள் எப்போதும் அணிகளைவிட அதிகமாகவே இருக்கும், எனவே "வேறு ஊருக்குப் போய்விடுவோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரேவ்ஸே பாஸ்டனில் தொடங்கி, 1953-ல் மில்வாக்கிக்கும் 1966-ல் அட்லாண்டாவுக்கும் போன அணி.

மக்களைக் கேட்டால் பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. 2023 மே மாதம் அரிசோனாவின் டெம்பி நகர மக்கள் ஹாக்கி அரங்கமும் அதைச் சுற்றிய வட்டாரமும் வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டி மக்கள் புதிய கூடைப்பந்து அரங்கத்துக்கு 71 சதவீதம் ஆதரவு தந்தார்கள். 2024 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியை உள்ளடக்கிய மிசௌரியின் ஜாக்சன் கவுன்டியில் ஸ்டேடியங்களுக்கான விற்பனை வரியைச் சுமார் 58 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். தங்கள் அணி தங்கள் ஊரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை, அந்தச் சந்தோஷத்துக்கும் ஒரு விலை உண்டு. அதற்காகத்தான் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கேட்டால் மக்கள் தெரிந்தே முடிவெடுப்பார்கள். முதலீடு, லாபம் என்று சொல்லிக் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜாக்சன் கவுன்டி வேண்டாம் என்ற இரண்டே மாதத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கன்சாஸ் மாநிலம், ஸ்டேடியச் செலவில் 70 சதவீதம் வரை கடன் பத்திரத்தில் திரட்டலாம் என்று சட்டம் போட்டது. அந்தக் கடனை வட்டாரத்தில் கூடுதலாக வசூலாகும் விற்பனை வரியிலிருந்து அடைக்க வேண்டும். அதாவது இன்று வசூலாகும் வரியை அடித்தளமாகக் குறித்துவைத்து, அதற்கு மேல் வருவதெல்லாம் திட்டத்தின் கணக்குக்குப் போகும். வட்டாரத்தின் எல்லையை அகலமாக வரைந்தால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கடைகளும் உள்ளே வந்துவிடும், விலைவாசி ஏறுவதால் மட்டும் கூடும் வரிகூடத் திட்டத்தின் சாதனையாகிவிடும். இதே வகைக் கடனை அந்த மாநிலம் முன்பும் பயன்படுத்தியிருக்கிறது. கார்ப் பந்தயத் திடலைச் சுற்றி எழுந்த வில்லேஜ் வெஸ்ட் வட்டாரம் குறித்த காலத்துக்கு முன்பே கடனை அடைத்தது, பிரெய்ரிஃபயர் அருங்காட்சியகத் திட்டம் 2023 டிசம்பரில் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கைப் பிரிவு 2021-ல் இந்தக் கடனில் உருவான 16 இடங்களை எடுத்துப் பார்த்தது. பார்வையாளர்களில் 30 சதவீதம் பேர் 100 மைலுக்கு அப்பாலிருந்தும் 20 சதவீதம் பேர் வெளி மாநிலத்திலிருந்தும் வர வேண்டும் என்பது இலக்கு. அதை எட்டியவை மூன்றே மூன்று.